தீராத கழுத்து வலி, இடுப்பு வலிக்கு ஆயுர்வேதம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கம் யாரிடமாவது ஆறு மாதமாக இடுப்பு வலி என்று சொல்லிப் பாருங்கள். உடனே "கோட்டக்கல் போய்ட்டு வந்துடுங்க" என்பார்கள். நாகர்கோவில்காரர்கள் திருவனந்தபுரத்தைக் கைகாட்டுவார்கள். சொல்வது சுலபம். எந்த மாதிரி டாக்டரைப் பார்ப்பது, எத்தனை நாள் லீவு போடுவது, உள்ளே என்னதான் செய்வார்கள், ஊர் திரும்பியதும் எதைச் செய்யக்கூடாது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. ஐந்து நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து, அடுத்த வாரமே பைக்கில் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, "ஆயுர்வேதமும் பார்த்தாச்சு, ஒண்ணும் கேக்கல" என்று கைகழுவியவர்கள் ஏராளம். எண்ணெய்ச் சிகிச்சை நடக்கும் அந்த இரண்டு வாரத்தைவிட, அதற்கு முன்னால் செய்யும் பரிசோதனையும் அதற்குப் பின்னால் இருக்கும் ஒன்றிரண்டு மாதமும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கொஞ்சம் அதிக இடம் கொடுக்கிறேன்.

இது மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டோ தொடர்ந்தோ வலி இருப்பவர்களுக்கு. நேற்று கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்புக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

தைலத்தைத் தொடுவதற்கு முன்

சில வலிகளுக்கு எண்ணெயும் கிழியும் (சூடான மருந்து மூட்டையால் ஒற்றுவது) காலத்தை வீணாக்கும் வேலை. முதலில் அதைப் பிரித்துவிட வேண்டும். இடுப்பு வலியோடு சிறுநீர் போக வராமல் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமல் கசிவது, சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடமெல்லாம் மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்கும்போது இப்படி ஆகும். ஒரு நாள் தள்ளிப்போட்டால்கூட நிரந்தரக் குறை ஆகிவிடலாம். கால் பாதம் தூக்க வராமல் செருப்பு தானாகக் கழன்று விழுகிறது என்றாலும் தாமதிக்கக் கூடாது.

கழுத்து விஷயத்தில் இன்னொன்று. வலி பெரிதாக இல்லாவிட்டாலும் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, சோறு பிசையும்போது விரல் சொன்னபடி கேட்காதது, நடக்கும்போது கால் தள்ளாடுவது எல்லாம் தண்டுவடமே அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். இதற்கு நரம்பியல் டாக்டர்தான் முதல் ஆள். அதே போல, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாமல் ராத்திரி எழுப்பிவிடும் வலி, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக வரும் வலி, வயதானவர் வழுக்கி விழுந்த பிறகு வரும் வலி ஆகியவற்றையும் முதலில் ஆங்கில மருத்துவத்தில் பார்த்துவிடுங்கள். நம்மூரில் முதுகெலும்புக் காசநோயும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. இடது தோள், கை, கழுத்து என்று வலி பரவி வியர்த்துக் கொட்டினால் அது கழுத்து வலியே இல்லை, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டிய வலி.

இவை எதுவும் இல்லை என்றால் நிதானமாக அடுத்த படிக்குப் போகலாம்.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்" (கீழ் முதுகின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கியிருப்பது) என்று பார்த்ததும் பாதி உயிர் போய்விடுகிறது நமக்கு. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். அதாவது நரை மாதிரி பலருக்கும் வருகிற மாற்றம் அது. அதுதான் உங்கள் வலிக்குக் காரணமா என்பதைக் கையால் தொட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, உணர்ச்சி சோதித்துத்தான் சொல்ல முடியும். எனவே ஸ்கேனை வைத்துக்கொள்ளுங்கள், கொண்டு போங்கள். ஸ்கேனை மட்டும் பார்த்துச் சிகிச்சை எழுதுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

யாரிடம் போவது

ரிசார்ட் மசாஜும் ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் ஒன்றல்ல. ஆலப்புழையிலும் கோவளத்திலும் "ஆயுர்வேதா" என்று பலகை போட்ட இடங்களில் பாதிக்கு மேல் உடம்புக்குச் சுகம் தருவதற்காக நடப்பவை. அதில் தப்பில்லை, ஆனால் நாள்பட்ட வலிக்குப் போகும் இடம் அது இல்லை. கேரள சுற்றுலாத் துறை தரும் ஆயுர் டயமண்ட், ஆயுர் கோல்ட் போன்ற தரச் சான்றுகள் அந்த வகை மையங்களுக்கானவை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: ஆயுர்வேதப் பட்டப் படிப்பான பி.ஏ.எம்.எஸ். படித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த டாக்டர் இருக்கிறாரா, உள்நோயாளிப் படுக்கை இருக்கிறதா, பஞ்சகர்மத்தில் (உடம்பைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேதச் சிகிச்சை முறைகள்) எம்.டி. முடித்தவர் பார்ப்பாரா. மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் இருந்தால் இன்னும் நல்லது, காப்பீட்டுக்கும் அது உதவும்.

நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள் சில உண்டு. மலப்புறம் மாவட்டத்தில் இருக்கும் கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலை 1902இல் பி.எஸ். வாரியர் தொடங்கியது. சென்னையிலிருந்து மங்களூர் மெயிலில் ஏறினால் திரூரில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அவர்களுக்குச் சென்னை, கோவை, மதுரையிலும் கிளைகள் உண்டு, எனவே முதல் ஆலோசனைக்கே கேரளா போக வேண்டும் என்றில்லை. கோவை ராமநாதபுரத்தில் ஆர்ய வைத்தியப் பார்மசியின் சிகிச்சாலயம் இருக்கிறது. ஷொர்ணூர் பக்கம் செருதுருத்தியில் மத்திய அரசின் பஞ்சகர்ம ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். திருவனந்தபுரத்தில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை. தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருப்பது பலருக்குத் தெரியாது.

நம்மூர் அரசு மருத்துவமனைகளில் "நாட்டு மருந்துப் பிரிவு" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் சித்த மருத்துவம். அதில் தொக்கணமும் (பிடித்துவிடும் சிகிச்சை) வர்மமும் (வர்மப் புள்ளிகளைத் தொட்டுச் செய்வது) இருக்கும், அதுவும் தனி வழி. இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து எடுக்காதீர்கள். யார் கொடுத்த எந்த மருந்து என்ன செய்தது என்று கடைசியில் யாருக்குமே தெரியாமல் போகும்.

முதல் ஓ.பி.

நேரே அட்மிஷன் கேட்டுப் போவது பலர் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் ஓ.பி.யில் காட்டி, ஒரு மாதம் உள் மருந்தும் வெளித் தைலமும் கொஞ்சம் பயிற்சியும் செய்து பாருங்கள். கணிசமானவர்களுக்கு அத்தோடு போதும். போதாதவர்களுக்கும் அந்த ஒரு மாதம் வீண் இல்லை, செரிமானமும் மலமும் சீராகியிருக்கும், உள்ளே போகும்போது சிகிச்சை நேராக வேலையைத் தொடங்கும்.

கையில் கொண்டு போக வேண்டியவை: பழைய ஸ்கேன், எக்ஸ்ரே, சமீபத்திய சர்க்கரை, கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு ரிப்போர்ட்கள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை. பெயர் நினைவிருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள், அட்டையையே பையில் போடுங்கள்.

வலியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மலம் தினமும் போகிறதா, பசி எப்படி, தூக்கம் எப்படி, வாயு சேர்கிறதா, எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் பத்துக் கேள்வி கேட்பார். எரிச்சல்படாதீர்கள். அவர்கள் கணக்கில் இடுப்பும் பெருங்குடலும் வாதத்தின் (வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் ஒன்று) இருப்பிடங்கள். மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் இடுப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. காலில் இறங்கும் வலியைக் கிருத்ரசி என்றும், இடுப்போடு நின்றுவிடும் பிடிப்பைக் கடீக்ரஹம் என்றும், கழுத்து இறுக்கத்தை மன்யாஸ்தம்பம் என்றும் சீட்டில் எழுதுவார்கள். இந்தப் பெயர்கள் நினைவில் இருந்தால் பிறகு டிஸ்சார்ஜ் சம்மரி படிக்கும்போது உதவும்.

இன்னொரு விஷயத்தையும் அவர் பார்ப்பார். காலையில் எழும்போது உடம்பு முழுக்கக் கனமாக, விறைப்பாக இருக்கிறதா, நாக்கில் மாவு படிந்திருக்கிறதா, பசியே இல்லையா? அப்படியானால் "ஆமம்", அதாவது சரியாகச் செரிக்காமல் தேங்கிய கழிவு, இருக்கிறது என்று அவர்கள் கணக்கு. அப்போது எண்ணெய் தேய்த்தால் வலி கூடும். முதலில் பொடிக்கிழி மாதிரி வறண்ட சூடும், செரிமானத்துக்கு மருந்தும்தான் வரும். வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று தைலம் வாங்கித் தேய்த்து, "எண்ணெய் வெச்சதும் அதிகமாயிடுச்சு" என்கிறவர்களில் பலர் இந்த வகை. காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடக்க நடக்கக் குறைகிறது, வயதும் நாற்பதுக்குள் என்றால் முடக்குவாத டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். முதுகெலும்பு மூட்டுகள் வீங்கி இறுகும் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோய் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

கஷாயத்தோடு ஒரு மாதம்

எழுதித் தருவது பெரும்பாலும் இந்தச் சட்டகத்துக்குள் இருக்கும்: ஒரு கஷாயம், ஒரு குளிகை அல்லது குக்குலு (ஒரு மரப்பிசின்) மாத்திரை, ராத்திரி வயிற்றுக்கு ஏதாவது, வெளியே தேய்க்க ஒரு தைலம். காலில் இறங்கும் இடுப்பு வலிக்கு சஹசராதி கஷாயமும் ராஸ்னாசப்தகமும், வாயு, மலச்சிக்கலுக்கு கந்தர்வஹஸ்தாதியும் அடிக்கடி வரும் பெயர்கள். தைலத்தில் தன்வந்தரம், சஹசராதி, கொட்டஞ்சுக்காதி, முறிவெண்ணெய். யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். கொட்டஞ்சுக்காதி சூட்டுத் தன்மை உள்ளது, முறிவெண்ணெய் அடிபட்ட சதைக்கு இதமானது, இரண்டையும் மாற்றிப் போட்டால் பலன் மாறும்.

குடிக்கும் முறை: பாட்டில் கஷாயம் என்றால் வழக்கமாக 15 மி.லி. எடுத்து அதைப் போல மூன்று மடங்கு, அதாவது 45 மி.லி. கொதித்து ஆறிய வெந்நீர் சேர்த்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வெறும் வயிற்றில். அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. பாட்டிலை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், அடியில் வண்டல் நிற்கும். கசப்பை மறைக்கச் சர்க்கரை போடாதீர்கள். மடக்கென்று குடித்துவிட்டு வாய் கொப்பளித்தால் தீர்ந்தது. குடிக்கவே முடியவில்லை என்றால் அதே கஷாயம் மாத்திரையாகவும் கிடைக்கிறது, கேளுங்கள்.

தைலம் தேய்ப்பதில் அவசரம் வேண்டாம். கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், நேராக அடுப்பில் வைக்காதீர்கள். முதுகில் அழுத்தித் தேய்ப்பதைவிட மெதுவாக, நிறைய நேரம் தேய்ப்பது முக்கியம். முக்கால் மணி நேரம் ஊறவிட்டு வெந்நீரில் குளிக்கவும். சாப்பிட்டவுடன் வேண்டாம், காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம்.

இங்கேயே மருந்து எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். "மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது" என்பது பொய். குக்குலு சேர்ந்த மருந்துகள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளோடும் தைராய்டு மாத்திரையோடும் மோதலாம். அஸ்வகந்தாவும் தைராய்டைத் தொடும், அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. புளிக்கவைத்துச் செய்யும் அரிஷ்டங்களில் இயல்பாகவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டு, லேகியங்களில் வெல்லம் உண்டு, சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்க வேண்டும். சில கஷாயங்களில் இந்துப்பு சேர்க்கச் சொல்வார்கள். பி.பி. இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மஹாயோகராஜ குக்குலு மாதிரி சிலவற்றில் உலோகப் பஸ்மங்கள் (உலோகத்தைப் புடம் போட்டு எடுத்த பொடி) உண்டு. அவை டாக்டர் சீட்டோடு, சொன்ன நாள் வரை மட்டும். பேரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தில் "மூன்றே நாளில் வலி போகும்" என்று யாராவது பொடி கொடுத்து, அது நிஜமாகவே மூன்று நாளில் வேலை செய்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகள் தாமாக எதையும் தொடக்கூடாது.

நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, பி.பி., இதய மாத்திரைகளை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நல்ல ஆயுர்வேத டாக்டர் நிறுத்தச் சொல்லவும் மாட்டார்.

அட்மிஷன்: போவதற்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு மாதம் கழித்தும் வலி பாதிகூடக் குறையவில்லை, வேலையைக் கெடுக்கிறது என்றால் உள்நோயாளிச் சிகிச்சை பற்றி யோசிக்கலாம். குறைந்தது 14 நாள், நன்றாகச் செய்வதென்றால் 21 நாள். 5 நாள், 7 நாள் "பேக்கேஜ்" நாள்பட்ட வலிக்குப் பிரயோஜனமில்லை என்றே சொல்வேன். முதல் மூன்று நாள் உடம்பைத் தயார் செய்யவே போய்விடும். லீவு கணக்குப் போடும்போது திரும்பி வந்தபின் ஓய்வுக்கும் ஒரு வாரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் நாட்களில் பெரும்பாலான சிகிச்சைகளை நிறுத்திவைப்பார்கள் என்பதால் தேதியை அதற்கேற்ப வைத்தால் படுக்கை வாடகை மிச்சமாகும்.

போனில் கேட்க வேண்டியவை: அறை வாடகை, சிகிச்சைக் கட்டணம், மருந்து விலை மூன்றும் தனித்தனியா, சேர்த்தா? சிகிச்சை மாறினால் கட்டணம் மாறுமா? கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டுமா? (கேரளத்தில் பல ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் இல்லாமல் சேர்ப்பதில்லை.) சாப்பாடு அவர்களே தருவார்களா? பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா? டிஸ்சார்ஜ் ஆகும்போது எத்தனை நாளுக்கு மருந்து வாங்க வேண்டியிருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள் வாசலில் பில்லைப் பார்த்துத் திகைத்து நிற்பதுண்டு.

காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தா போன்றவை) சிகிச்சையையும் மற்றச் சிகிச்சைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொன்ன பிறகு நிலைமை பரவாயில்லை. ஆனால் ஆஸ்பத்திரி தகுதியானதாக இருக்க வேண்டும், உள்நோயாளியாக இருக்க வேண்டும், "புத்துணர்ச்சி" என்று எழுதியிருந்தால் கிடைக்காது. முன் அனுமதி வாங்கிவிட்டுப் போவது நல்லது.

பையில்: கறை பட்டால் கவலையில்லாத பழைய லுங்கி, நைட்டி, துண்டுகள், தலைக்குக் கட்ட ஒரு துணி, வழுக்காத ரப்பர் செருப்பு. எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடப்பதுதான் அந்த ஆஸ்பத்திரிகளில் மிகப் பெரிய ஆபத்து. நல்ல பெட்ஷீட் கொண்டு போகாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும்

சிகிச்சை அறையில் நடுவே ஒற்றை மரத்தில் செதுக்கிய தோணி மாதிரிக் கட்டில் இருக்கும். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள்தான் சிகிச்சை செய்வார்கள். உடை எல்லாம் கழற்றச் சொல்லி, ஒரு கோமணத் துணியைக் கட்டிவிடுவார்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். அசௌகரியமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், மேலே துணி போர்த்துவார்கள்.

இடுப்புக்குப் பெயர்போனது கடிவஸ்தி. குப்புறப் படுக்க வைத்து, உளுந்து மாவை வெந்நீரில் கெட்டியாகப் பிசைந்து, கயிறு போல நீளமாக உருட்டி, இடுப்பின் மேல் வட்டமாக நான்கு விரல் உயரத்துக்குச் சுவர் கட்டுவார்கள். சுவரும் தோலும் சேரும் இடத்தை ஈர விரலால் தடவித் தடவி அடைப்பார்கள். அது சரியாக அடையாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் விலா வழியாக எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கும். பிறகு சூடான தைலத்தை ஓரமாக ஊற்றுவார்கள். ஆறியதும் பஞ்சால் ஒற்றிப் பிழிந்தெடுத்துவிட்டு மறுபடி சூடானதை ஊற்றுவார்கள். இப்படி அரை மணி முதல் முக்கால் மணி நேரம். அந்த நேரம் இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது. கழுத்துக்கு இதையே செய்தால் கிரீவாவஸ்தி. நெற்றியைத் தாங்க ஒரு துண்டை மடித்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குப்புறக் கிடப்பதே தனிக் கழுத்து வலி ஆகிவிடும்.

சர்க்கரை நோயால் காலிலோ முதுகிலோ உணர்ச்சி குறைந்திருந்தால் முதல் நாளே சொல்லியாக வேண்டும். சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். மற்றவர்களும் "கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்" என்று பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. இதமான சூடு போதும், சுட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இலைக்கிழி அடுத்தது. எருக்கு, நொச்சி, ஆமணக்கு, புளி, முருங்கை இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சைத் துண்டுகளும் சேர்த்து எண்ணெயில் வதக்கி, துணியில் மூட்டை கட்டி, சூடாக ஒற்றி எடுப்பார்கள். இரண்டு பேர் இருபுறமும் நின்று ஒரே தாளத்தில் செய்வார்கள். கிழி ஆறுவதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும், மூன்றாவது ஆள் அடுப்படியில் நிற்பார். உடம்பு மெலிந்து தசை வற்றியவர்களுக்கு நவரை அரிசியைப் பாலிலும் சிற்றாமுட்டிக் கஷாயத்திலும் வேகவைத்து நவரக்கிழி. பிழிச்சல் என்பது உடம்பு முழுக்கச் சூடான எண்ணெயைத் துணியில் நனைத்துப் பிழிந்துவிடுவது. செலவு கூடியது. எல்லோருக்கும் தேவைப்படாது, பேர் கேட்டு ஆசைப்பட வேண்டாம்.

பிறகு வஸ்தி. இதுதான் புதியவர்கள் பயப்படுவது, ஆனால் டாக்டர்கள் இந்த வலிக்கு முக்கியமாக நம்புவதும் இதைத்தான். ஆசனவாய் வழியாக மருந்து கொடுப்பது. சிறிய அளவில், 60 மி.லி. போல, எண்ணெய் மட்டும் கொடுத்தால் மாத்ரா வஸ்தி. சாப்பிட்ட பிறகு இடப்பக்கமாகப் படுக்க வைத்துக் கொடுப்பார்கள், சில மணி நேரம் உள்ளே தங்கினால் நல்லது. கஷாய வஸ்தி வெறும் வயிற்றில். தேன், இந்துப்பு, எண்ணெய், அரைத்த மருந்து, கஷாயம் என்று இந்த வரிசையில் கடைந்து சேர்ப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி 8 நாள் கொடுப்பது ஒரு வழக்கமான முறை. வைதரண வஸ்தி என்று ஒன்று உண்டு, புளியும் வெல்லமும் கோமியமும் சேர்ந்தது. கோமியம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் வேறு முறைக்கு மாற்றுவார்கள். கழிப்பறையோடு கூடிய அறை எடுக்கச் சொல்வது இந்த எட்டு நாளுக்காகத்தான்.

ஒவ்வொரு நாள் சிகிச்சைக்குப் பிறகும் பயத்தம் மாவு தேய்த்து உடம்புக்கு வெந்நீர், தலைக்கு அவ்வளவு சூடில்லாத தண்ணீர். துவட்டியதும் உச்சந்தலையில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடி வைத்துத் தேய்ப்பார்கள், நீர் கோக்காமல் இருக்க. பகல் தூக்கம் கூடாது என்பார்கள். எண்ணெய்க்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில் இதுதான் பெரிய சோதனை. நான்காம், ஐந்தாம் நாள் வலி கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம், பலருக்கும் ஆவதுதான். ஆனால் மரமரப்பு புதிதாகப் பரவினால், காலில் பலம் குறைந்தால் அப்போதே டாக்டரை எழுப்புங்கள்.

ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்: யாராவது கழுத்தைப் பிடித்துத் திடீரென்று முறுக்கிச் சொடக்கு எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

"பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுவோம்" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். எண்ணெயும் சூடும் தசைப் பிடிப்பைத் தளர்த்துகின்றன, பயத்தையும் குறைக்கின்றன, தூக்கம் வருகிறது. பிதுங்கிய டிஸ்க் பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கவும் செய்யும். அந்தக் காலத்தை வலியில்லாமல் கடத்த இந்தச் சிகிச்சை கைகொடுக்கிறது என்பதே என் மதிப்பீடு. ஆயுர்வேதத்தில் இதற்கு நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. வலி பத்தில் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தால் அது நல்ல முடிவு. பூஜ்யத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஊர் திரும்பியதும்

எத்தனை நாள் சிகிச்சையோ அத்தனை நாளாவது பத்தியம் என்பது பழைய கணக்கு. சாப்பாட்டுப் பத்தியம் ஒன்றும் கடினமில்லை: நேரத்துக்கு, சூடாக, வயிறு முட்டாமல். தயிர், பழைய சோறு, குளிர்ந்த தண்ணீர், கிழங்கு, ராத்திரியில் கடலை வகைகள் வேண்டாம் என்பார்கள். கடினமானது மற்றது. இரண்டு வாரத்துக்கு பைக் வேண்டாம், வெகுதூரப் பேருந்து வேண்டாம், ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார வேண்டாம். திரும்பும் பயணத்தையே ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடி வராமல் ரயிலில் படுத்துக்கொண்டு வாருங்கள்.

பத்தியத்தைத் தாண்டி ஆயுர்வேத ஆஸ்பத்திரிகள் அவ்வளவாக வலியுறுத்தாத, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியும் இருக்கிறது, மசாஜும் இருக்கிறது. பெல்ட் கட்டுவதை வழக்கமாக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே பிசியோதெரபிஸ்டிடம் நான்கைந்து பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்லி, நீங்கள் செய்வதை அவர் பார்த்துத் திருத்த வேண்டும். முதல் வாரம் வெறும் நடை: காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். பிறகு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கை கால் நீட்டுவது, கழுத்துக்குத் தாடையை உள்ளிழுத்துப் பிடிப்பது. குனிந்து கால் விரலைத் தொடுவது முதல் மாதத்தில் வேண்டாம்.

அலுவலகத்தில் லேப்டாப்பை நான்கு புத்தகத்தின் மேல் வைத்துத் தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிப் பேசுவதை விட்டுவிடுங்கள். படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பதை விடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, குறைந்தபட்சம் உயரமான இரண்டு தலையணையை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வழக்கமாக இன்னும் ஒன்றிரண்டு மாதம் தொடரும். ஒரு மாதம் கழித்து மறு ஆலோசனைக்கு அருகிலுள்ள கிளையிலோ போனிலோ பேசலாம், டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடர் மஞ்சளாகச் சிறுநீர், தோலில் அரிப்பு, தொடர்ந்து வயிற்றுப்போக்கு எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை எடுத்துவிடுவது நல்லது.

வருடா வருடம் போக வேண்டுமா என்று கேட்பார்கள். கேரளத்தில் கர்க்கிடக மாதத்தில், நம் ஆடியில், உடம்புக்குச் சிகிச்சை எடுப்பது வழக்கம், மழையில் உடம்பு எண்ணெயை நன்றாக ஏற்கும் என்பார்கள். வலி கட்டுக்குள் இருந்து, பயிற்சியும் விடாமல் நடக்கிறது என்றால் வருடாந்திர அட்மிஷன் அவசியமில்லை, ஓ.பி.யில் காட்டினால் போதும். ஆடியில்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் சித்திரையிலேயே அறைக்குப் பதிவு செய்துவிடுங்கள், ஜூன் மாதம் கேட்டால் கிடைக்காது.